சேரிப் பள்ளிக்கூடத்தின் கூரை யாருடைய கணக்கில்?

கடந்த வடகிழக்குப் பருவமழையின்போது, வட மாவட்டம் ஒன்றில் உள்ள ஓர் ஆதிதிராவிடர் நல ஆரம்பப் பள்ளிக்கு நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். மொத்தம் இரண்டே வகுப்பறைகள். ஒன்றில் கூரையின் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. அதைப் பூட்டிவிட்டு, ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் இன்னொரு அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பூட்டிய அறையின் வராண்டாவில்தான் மதியச் சோறு.

தலைமையாசிரியர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். யாரிடம், எந்தத் தேதியில் மனு கொடுத்தார் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஊராட்சி மன்றத்தில் "இது வெல்ஃபேர் பள்ளிக்கூடம், நம்ம கணக்குல வராது" என்றார்களாம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் ஒன்றியப் பள்ளிகளுக்கு மட்டும்தான் நிதி இருக்கிறது என்றார்கள். கல்வி அலுவலகம் ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியரைப் பார்க்கச் சொன்னது. அங்கே "மேலே எழுதியிருக்கோம் சார்" என்ற பதில். தாட்கோவிலிருந்து ஆள் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. முக்கால் கிலோமீட்டர் தள்ளி, ஊர்த்தெருவில் இருக்கும் ஒன்றியப் பள்ளிக்கு டைல்ஸ் போட்ட புதிய வகுப்பறைகள் வந்துவிட்டன.

இதை அதிகாரிகளின் அலட்சியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அலட்சியம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரே கிராமத்தில், ஒரே அரசின் இரண்டு பள்ளிகள் இரண்டு கணக்குப் புத்தகங்களில் ஏன் இருக்கின்றன என்ற கேள்விக்கு அது பதிலாகாது. அந்தப் பதிலைத் தேடினால் நாம் நூற்று முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போய்ப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சேரிப் பள்ளிக்குக் கட்டட நிதி கிடையாது என்று எந்த அரசும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு நிபந்தனையோடு தந்தார்கள். நம்மிடம் எது பறிக்கப்பட்டிருந்ததோ, அதையே நிபந்தனையாக வைத்தார்கள்.

முதல் நிபந்தனை நிலம். 1891இல், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் திரும்பத் திரும்பக் குறிப்பிடும் அறிக்கைதான் அது. அதில் நாம் அதிகம் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. விவசாய நிலம் இருக்கட்டும், சேரி மக்கள் குடிசை போட்டிருந்த மனையே அவர்களுடையது இல்லை. மிராசுதார் அதற்கும் உரிமை கொண்டாடினார். கூலி கூடக் கேட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லக்கூடிய நிலை. குடியிருக்கும் மண்ணே சொந்தமில்லாத இடத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எங்கே எழுப்புவது?

1893இல் சென்னை மாகாண அரசு வெளியிட்ட 68ஆம் எண் ஆணையைப் பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று பிற்காலத்தில் அழைத்தார்கள். பெரிய சேரிகளில் தனிப் பள்ளிகள், ஆசிரியர் பயிற்சி பெறும் பஞ்சம மாணவர்களுக்கு உதவித்தொகை, பள்ளி கட்டப் புறம்போக்கு நிலம் என்று அதில் நல்ல அம்சங்கள் இருந்தன. ஆனால் ஒரு கிராமத்தில் எது புறம்போக்கு, எது யாருடைய அனுபோகம் என்று காகிதத்தில் எழுதுகிறவர் கர்ணம். கர்ணமும் முன்சீப்பும் எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நிலம் தரச் சொல்லி ஆணை கோட்டையில் பிறந்தது; அதை அளந்து தர வேண்டிய சங்கிலி மிராசுதாரின் திண்ணையில் கிடந்தது.

இந்த இடைவெளியில்தான் அரசு அல்லாதவர்கள் வந்தார்கள். மிஷனரிகள் மனை வாங்கிப் பள்ளி கட்டினார்கள். 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்தடுத்த ஆண்டுகளில் சென்னையின் வேறு சேரிகளிலும் அத்தகைய பள்ளிகள் வந்தன. மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரில் இயங்கிய பள்ளியும் அவற்றில் ஒன்று. பண்டிதர் அயோத்திதாசரின் முயற்சியை விட்டுவிட்டு இந்தப் பள்ளிகளின் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் அரசின் உதவி மானியம் என்பது ஏற்கெனவே பள்ளி நடத்திக்கொண்டிருப்பவருக்கு வருவது. முதலில் இடமும் கூரையும் வேண்டும், பிறகு மானியம். நமக்கென்று ஒரு புரவலர் கிடைத்த இடங்களில் பள்ளி வந்தது. கிடைக்காத ஆயிரக்கணக்கான சேரிகளில் ஆணை ஆணையாகவே இருந்தது.

1919இல் நடந்ததை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகளில் பஞ்சமப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா என்று அரசு கணக்கெடுத்தது. மாகாணம் முழுக்க 8,157 பள்ளிகளில் 609 பள்ளிகள்தான் நம் பிள்ளைகளுக்குத் திறந்திருந்தன. காரணங்களில் ஒன்று கட்டடம். பள்ளி இருந்த இடம் அக்கிரகாரம், கோயில் வளாகம், ஊர்ச்சாவடி. பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று ஆசிரியர் வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம். அந்தத் தெருவில் காலை வைக்க முடியாது, அவ்வளவுதான். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளை இப்படிப்பட்ட இடங்களில் வைக்கக் கூடாது என்று அந்த ஆண்டு அரசு ஆணையிட்டது. பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் நமக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். அதாவது தெருவில் நடக்கும் உரிமை பேசப்படுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, அந்தத் தெருவில் இருக்கும் பள்ளியில் சேரும் உரிமை காகிதத்தில் வந்துவிட்டது!

அரசின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பொதுப் பள்ளியை எல்லோரும் வரக்கூடிய இடத்துக்கு மாற்றுவது ஒன்று. சேரிக்குள் தனிப் பள்ளி கட்டுவது இன்னொன்று. முதல் வழியில் சாதி இந்துக்களோடு மோத வேண்டும். 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டத்தின் பின்னால் இருந்த தாலுகா போர்டுகளிலும் ஜில்லா போர்டுகளிலும் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த நிலவுடைமையாளர்களே. எனவே இரண்டாவது வழியே எளிதாக இருந்தது. ஒடுக்கப்பட்டோர் நலன் தொழிலாளர் இலாகாவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த இலாகா சேரிகளில் பள்ளிகளைத் திறந்தது. எங்கள் தாத்தா பாட்டிகள் 'லேபர் ஸ்கூல்' என்று சொன்னது அதைத்தான்.

தனிப் பள்ளி என்பது தீண்டாமைக்குப் பணிந்து போனது என்று இன்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். நாம் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. 609 பள்ளிகள் மட்டும் திறந்திருந்த மாகாணத்தில், மீதி ஏழாயிரத்துச் சொச்சம் பள்ளிகள் மனம் திருந்தும்வரை பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய எம்.சி. ராஜா சட்டமன்றத்துக்குள்ளே நம் கல்விக்காக வாதாடினார். சுவாமி சகஜானந்தர் 1916இலேயே சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி சென்னையில் இரவுப் பள்ளிகளை நடத்தினார். அவர்கள் தனிமையை விரும்பிக் கேட்கவில்லை, கூரையைக் கேட்டார்கள். ஆனால் அன்று போடப்பட்ட கோடு அழியவில்லை. போர்டு பள்ளி ஒரு கணக்கு, லேபர் பள்ளி இன்னொரு கணக்கு. ஜில்லா போர்டுகள் போய் 1960களின் தொடக்கத்தில் பஞ்சாயத்து ஒன்றியங்கள் வந்தபோது முதல் கணக்கு ஒன்றியத்துக்குப் போனது. இரண்டாவது கணக்கு அரிசன நலத் துறைக்கும் பிறகு ஆதிதிராவிடர் நலத் துறைக்கும் வந்தது. எங்கள் தலைமையாசிரியரின் நோட்டில் இருப்பது அந்தக் கோடுதான்.

இடையில் பம்பாய்க்கு ஒரு முறை போய்வருவோம். 1927இல் அந்த மாகாணச் சட்டமன்றத்தில் கல்வி மானியத்தின் மீது பேசிய அண்ணல் அம்பேத்கர் ஒரு கணக்கை முன்வைத்தார். அரசு கல்விக்காகத் தலைக்குச் செலவிடுவது 14 அணா. மது வருவாயாக மக்களிடமிருந்து தலைக்கு எடுப்பது 2 ரூபாய்க்கும் மேல். குறைந்தபட்சம் எடுத்த அளவுக்காவது கல்விக்குத் திருப்பித் தர வேண்டாமா என்பது அவர் வாதம். நூறு ஆண்டு ஆகப்போகிறது. டாஸ்மாக் கடைக்கு வாடகைக் கட்டடம் ஒரு நாளும் தட்டுப்பட்டதில்லை என்பதை இங்கே சொல்லிவிட்டுப் போகிறோம்.

இரண்டாவது நிபந்தனை நன்கொடை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஏனென்றால் இது காமராசர் காலத்துக் கதை. அந்தக் காலத்தில் திறக்கப்பட்ட பள்ளிகளாலும் மதிய உணவாலும் படித்து வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். அந்த நன்றியில் குறைவில்லை. 1958இல் செங்கல்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதன் உந்துவிசை. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியல் போடுவது, ஊர் மக்களிடம் அதைக் கேட்டு வாங்குவது, மாநாட்டில் முதலமைச்சர் முன்னிலையில் ஒப்படைப்பது என்று அந்த இயக்கம் மாகாணம் முழுவதும் பரவியது. நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், பெஞ்சும் மேசையும் கடிகாரமும் கொடுத்தார்கள். கொஞ்சப் பணத்தில் நிறையப் பள்ளிகள் எழுந்தன.

ஆனால் கேட்டு வாங்கும் முறையில், கொடுப்பதற்கு வைத்திருப்பவர் முக்கியமாகிறார். அரை ஏக்கர் கொடுக்க முடிந்தவர் வாழ்ந்த தெருவுக்குப் பக்கத்தில் பள்ளி வளர்ந்தது, அவர் அப்பா பெயரில் கல்வெட்டு வந்தது. நாள் கூலிக்கு நாற்று நட்ட தெரு என்ன கொடுக்கும்? உடல் உழைப்பைக் கொடுத்தது. மண் சுமந்தது, கல் சுமந்தது. கல்வெட்டில் அதற்கு இடமில்லை. கொடுத்தவருக்குப் பள்ளி மேல் ஓர் உரிமையும் வந்துவிடுகிறது. கொடியேற்ற யாரை அழைப்பது, சமையலுக்கு யாரை வைப்பது என்பதில் அந்தக் கல்வெட்டுக் குடும்பம் இன்றும் பேசுகிற ஊர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்துக்கும் இதே கேள்வியை நாம் கேட்கிறோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் தன் பள்ளிக்கு ஸ்மார்ட் வகுப்பறை கட்டித் தரட்டும், நல்லதுதான். பழைய மாணவர்கள் எல்லாரும் செங்கல் சூளையிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் இருக்கிற பள்ளிக்கு யார் வருவார்கள்?

1974இல் தாட்கோ வந்தது. 1980களில் சிறப்புக் கூறுத் திட்டம் வந்தது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்பத் திட்ட நிதியில் பங்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. முதல் முறையாக நிபந்தனை இல்லாமல், உரிமையாக ஒரு பணம். நம் இயக்கங்கள் போராடிப் பெற்றவற்றில் இது பெரியது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் ஓரளவுக்குக் கான்கிரீட் கட்டடம் வந்தது இதற்குப் பிறகுதான். நபார்டு கடனிலும் கட்டினார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்ஜெட் புத்தகத்தைப் புரட்டுகிறவர்கள் கவனிக்கவும். திட்டச் செலவு என்பது புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு. கட்டியதைப் பராமரிப்பது வேறு தலைப்பு. புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, அமைச்சர் உண்டு. தளத்தில் நீர் தேங்காமல் இருக்க ஓட்டை அடைப்பதற்கு விழா கிடையாது. ஒன்றியப் பள்ளிக்கு ஒன்றியப் பொது நிதி என்று சொந்த ஊரிலேயே ஒரு பை இருக்கிறது. கவுன்சிலரைப் பிடித்தால் ஒரு லோடு மணலாவது வரும். நலப் பள்ளிக்கு அந்தப் பை கிடையாது. அது மாவட்டத் தலைநகரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கசியும் தளத்தை அந்த ஆண்டே பூசினால் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். விட்டுவிட்டால் தண்ணீர் கம்பியில் இறங்கித் துருப்பிடித்து, கம்பி பருத்து, காரையைத் தள்ளிவிடும். பிறகு இடித்துக் கட்ட வேண்டியதுதான். அதற்கு மதிப்பீடு, டெண்டர், காத்திருப்பு.

மூன்றாவது நிபந்தனை தலை எண்ணிக்கை. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, கழிப்பறை, குடிநீர் என்று விதித்தது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் கொடுத்த பிறகு கீற்றுக் கூரையைப் பற்றி விழித்துக்கொண்ட நாடு இது. சட்டம் வந்தது நல்லது. ஆனால் 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா, பள்ளிகளுக்குத் தரும் ஆண்டு மானியத்தை மாணவர் எண்ணிக்கையோடு கட்டிவிட்டது. 30 பேர் வரை இருந்தால் 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரத்தைத் தாண்டினால் ஒரு லட்சம். சாக்பீஸ், துடைப்பம், மின்விளக்கு, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அதில்தான். மாதத்துக்கு 833 ரூபாயில் எந்தக் கொத்தனார் வருவார்?

சேரிப் பள்ளியில் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்று மானியம் கேட்பதில்லை. சாதி இந்துக்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. பள்ளியின் பெயரே அதற்குப் போதும். நம்மில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் கம்பி தெரியும் கூரையைப் பார்த்துவிட்டு வேன் வைத்த தனியார் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பிள்ளை போனதால் பணம் குறைகிறது, பணம் குறைந்ததால் கூரை விழுகிறது, கூரையைப் பார்த்து அடுத்த பிள்ளை போகிறது. கடைசியில் 'மாணவர் இல்லை' என்று பள்ளியையே மூடலாம்.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். மாநிலம் முழுவதும் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அடுத்த பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது; ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி. 2023இல் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் நம் குடியிருப்புகளுக்கு ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி. இவற்றை நாம் வரவேற்றோம், இப்போதும் வரவேற்கிறோம். இவற்றில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் கட்டடங்களுக்கு, பள்ளிவாரியாக, எவ்வளவு போனது என்று ஒரே இடத்தில் வைத்துக் காட்டச் சொல்கிறோம். ஏறத்தாழ 1,100 பள்ளிகள்தான். ஓர் எக்செல் தாள் போதும்.

அதே 2023 பட்ஜெட்டில்தான் நலத் துறைகளின் பள்ளிகள் அனைத்தையும் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக அறிவித்தார்கள். நாங்குநேரியில் தலித் மாணவர் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் அதையே பரிந்துரைத்தது. இதில் நம்மிடையே ஒரே கருத்து இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1919இல் போட்ட கோடு இப்போதாவது அழியட்டும், 'நலப் பள்ளி' என்ற முத்திரை போகட்டும் என்கிறார்கள் ஒரு தரப்புத் தோழர்கள். துணைத்திட்டப் பணம் பொதுக் கடலில் கரைந்துவிடும், எண்ணிக்கை குறைந்த பள்ளிகளை முதலில் மூடுவார்கள், பள்ளி நிலம் கைமாறும் என்று அஞ்சுகிறார்கள் மற்றவர்கள்.

நாங்கள் இரண்டாவது தரப்பின் அச்சத்தோடு முதல் தரப்பின் பக்கம் நிற்கிறோம். இணைக்கட்டும். இணைக்கும் முன் ஒவ்வொரு பள்ளிக்கும் எத்தனை சென்ட் நிலம், யார் பெயரில் பட்டா, எந்த ஆண்டுக் கட்டடம், என்ன பழுது என்று பதிவேடு போட்டு, கிராம சபையில் வாசிக்கட்டும். பட்டியல் சாதித் துணைத்திட்டத்துக்கு 2024இல் தமிழ்நாட்டிலும் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆந்திராவும் கர்நாடகாவும் 2013இலேயே இயற்றிவிட்டன. அந்தச் சட்டத்தின் கீழ் பராமரிப்புக்கு என்று ஒரு தலைப்பு வேண்டும், தலை எண்ணாமல், கட்டடத்தின் வயதைப் பார்த்துத் தரும் பணம். 2025இல் ஆதிதிராவிடர் விடுதிகளைச் சமூக நீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப் பலகைக்குப் பெயின்ட் அடித்தவரிடமே கழிப்பறைக் கதவுக்கும் அடிக்கச் சொல்லியிருக்கலாம் என்றார் எங்களோடு வந்த தோழர்.

அந்தப் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்றைக் கூட்டினோம். சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர் இருக்க வேண்டிய குழு. பதினோரு பெண்கள் வந்தார்கள், பெரும்பாலும் நூறு நாள் வேலை முடித்து நேரே வந்தவர்கள். இணைப்பைப் பற்றி விளக்கிக் கேட்டோம். முதல் வரிசையில் இருந்த அக்கா, "எந்த டிபார்ட்மென்ட்டுல வேணா வைங்கம்மா. எம் மவ அந்த ரூம்ல எப்போ உக்காருவா, அத எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். அதையே தீர்மானமாக எழுதினோம். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு. தலைமையாசிரியர் நகலைத் தன் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தேதி போட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மதிப்பீட்டின் நிலை என்ன என்று கேட்டு நாங்களும் ஒரு மனு அனுப்பியிருக்கிறோம். முப்பது நாள் கெடு முடிந்துவிட்டது. மேல்முறையீடு இந்த வாரம் போகிறது. அறை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.